எட்டு சிலிண்டர் துரையும் ஊர்ச் சாப்பாடும்

நல்லாங்குளத்தில் கடைசிப் பெட்ரோல் பங்க்கையும் மூடிய மறுநாள், வைகாசி முகூர்த்தத்தில், மாப்பிள்ளை ஊர்வலம் கீழரத வீதி திரும்பும் முக்கில் உலகம்மாளின் சிவப்பு கார் நின்றுபோய், கல்யாண வீட்டு ரசத்தில் ஒரு செம்பு குடித்துவிட்டு மறுபடி கிளம்பியது என்பதில் அந்த ஊரில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. அந்த ரசத்தில் மிளகு தூக்கலா, சீரகம் தூக்கலா என்பதில்தான் இன்றுவரை சண்டை.

காரின் பெயர் துரை. அமெரிக்காவில் செய்தது, மூக்கு மட்டுமே ஒரு கட்டில் அகலம், அந்த மூக்குக்குள் எட்டு சிலிண்டர். தூத்துக்குடித் துறைமுகத்தில் யாரும் கேட்டு வராத சரக்குகளை ஏலம் விட்டபோது, கிணற்றுக்கு மோட்டார் வாங்கப் போன உலகம்மாளின் புருஷன் ஆவுடையப்பன், ஒரு சிலிண்டர் இஞ்சின் ஒரு வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் என்றால் எட்டு சிலிண்டர் எட்டு வயலுக்குப் பாய்ச்சாதா என்று நினைத்து, அதை ஏலத்தில் எடுத்து, லாரியில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்துவிட்டார். முதல் நாளே கிணறு ஒட்ட வற்றி, எந்தக் காலத்திலோ விழுந்த மூன்று பித்தளைக் குடங்களும் பக்கத்துத் தோட்டக் கிணற்றில் தொலைந்துபோன வாளியும் மேலே வந்துசேர, இது தண்ணீர் இறைக்கிற சாமான் இல்லை என்று எல்லாருக்கும் புரிந்தது. கல்யாண ஊர்வலத்துக்கு விட்டார்கள். இருபத்தேழு வருஷம், துரையில் ஏறாத மாப்பிள்ளை அந்த ஊரில் மாப்பிள்ளையே இல்லை. அது கிளம்பினால் ஓடு அதிரும், தொட்டில் பிள்ளை சிரிக்கும், மூன்று தெரு தள்ளி இருக்கிற நாய்கூட எழுந்து உட்காரும். ஆவுடையப்பன் மாரடைப்பில் போய்ச்சேர்ந்த பிறகு ஒன்பது வருஷமாக உலகம்மாளேதான் ஓட்டினாள்.

அப்புறம் மின்சார வண்டிகள் வந்தன. குற்றம் சொல்லக் கூடாது, நல்ல வண்டிகள். ஊரைச் சுற்றியுள்ள பொட்டலில் காற்றாலைகள் ராப்பகலாகச் சுற்றிக்கொண்டிருக்க, அந்தக் காற்றையே குடித்துவிட்டு ஓடுவதுபோல் அவை சத்தமில்லாமல் வந்து, சத்தமில்லாமல் போயின. கல்யாணப் பெண்ணின் பட்டில் புகை வாடை ஏறவில்லை. மாப்பிள்ளை பேசுவது பெண்ணுக்குக் கேட்டது, அது நல்லதா கெட்டதா என்பது அந்தந்த மாப்பிள்ளையைப் பொறுத்தது. வருஷத்துக்கு நாற்பது ஊர்வலம் போன துரை பத்துக்கு இறங்கி, பத்திலிருந்து மூன்றுக்கு இறங்கியது. மூன்று கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் குடிக்கிற வண்டியை யார்தான் தாங்குவார்கள் என்று உலகம்மாளே சொல்லிக்கொள்வாள். ஆனால் காலையில் கொட்டகைக் கதவைத் திறந்து, "என்ன துரை, எந்திரிச்சாச்சா?" என்று கேட்க அவளுக்கு வேறு யார் இருந்தார்கள்? பிள்ளை இல்லை, கூடப்பிறந்தது இல்லை. அந்தக் கார்தான்.

பங்க்கை நடத்தியவர் ஸ்டீபன் ராஜபாண்டி. குழாய்களைப் பிடுங்கிவிட்டு, அதே இடத்தில் வண்டிகளுக்குக் கரண்டு ஏற்றும் நிலையம் வைக்கப் போவதாகச் சொல்ல அவரே நேரில் வந்தார். கையில் ஒரு கேன்.

"அக்கா, மன்னிச்சிக்கிடுங்க. ஊர்ல பெட்ரோல் போடுதது நீங்க ஒரு ஆளுதான். ஒரு ஆளுக்காக எத்தன நாளைக்கு நான் பங்க்கத் தொறந்து வச்சிருக்க? தொட்டியில கெடந்த கடைசிப் பெட்ரோல வழிச்சிக் கொண்டாந்திருக்கேன். எம் பேர் சொல்லி ஊத்துங்க."

அந்தக் கேன் கீழரத வீதி முக்கு வரைக்கும்தான் வந்தது.

பின்சீட்டில் மாலையோடு மாப்பிள்ளை உட்கார்ந்திருக்க, முன்னால் நாதஸ்வரமும் தவிலும் போய்க்கொண்டிருக்க, துரை இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. தள்ளினார்கள். மாப்பிள்ளையும் இறங்கி வேட்டியை மடித்துக் கட்டித் தள்ளினார். வெயிலில் எரிச்சல் தலைக்கேறிப்போயிருந்த மாப்பிள்ளையின் அத்தை பகவதியம்மாள், களைத்துப்போய் வாசலில் வந்து நிற்கிற எவரைப் பார்த்தும் அந்த ஊர்ப் பெண்கள் என்ன சொல்வார்களோ அதைச் சொன்னாள்.

"ஏன் ஆளாளுக்குப் போட்டுத் தள்ளுதிய? வண்டி வேர்த்து விறுவிறுத்து நிக்கி. மொதல்ல குடிக்க ஏதாவது குடுங்க."

சமையல்காரர் குற்றாலிங்கம் முக்கிலேயே இருந்த கல்யாண வீட்டுப் பந்திக்கு ரச வாளியோடு போய்க்கொண்டிருந்தவர், பெரிய இடத்து அத்தை சொல்லைத் தட்ட முடியாமல், பெட்ரோல் மூடியைத் திறந்து ஒரு செம்பு ஊற்றினார். துரை கொஞ்சம் யோசித்தது. பிறகு பூண்டு மணக்க ஒரு ஏப்பம். பிறகு எட்டு சிலிண்டரும் ஒன்றாக எழுந்த எழுச்சியில் தவில்காரர் தாளம் தப்பி, நாதஸ்வரக்காரர் வாசித்துக்கொண்டிருந்த ராகத்தை விட்டுவிட்டு வேறொன்றில் போய் விழுந்தார்.

"இன்னொரு செம்பு ஊத்தட்டா?" என்று குற்றாலிங்கம் கேட்டார். கேட்டது உலகம்மாளிடம் அல்ல, துரையிடம். அந்த நிமிஷத்திலிருந்து ஊரில் துரையை யாரும் அது, இது என்று பேசவில்லை. சாப்பிடுகிற ஒருவரை அப்படிச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

மறுநாள் காலையில் உலகம்மாள் வீட்டு வாசலில் பதினோரு பெண்கள் தூக்குவாளியோடு நின்றார்கள். எப்படி ஒரு கார் ரசம் குடிக்கும் என்று கேட்க ஒருவரும் வரவில்லை. தன் வீட்டு ரசத்தைக் குடித்தால் என்ன ஆகும் என்று பார்க்கத்தான் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். பள்ளிக்கூடத்து அறிவியல் ஆசிரியர் மட்டும் புளியில் உள்ள அமிலம், மிளகில் உள்ள காரம் என்று ஏதோ ஆரம்பித்தார். அவருக்கும் ஒரு டம்ளர் ரசம் கொடுத்தார்கள், அதோடு அடங்கிவிட்டார்.

ஒரு மாதத்துக்குள் ஊருக்குத் துரையின் வயிறு அத்துப்படி ஆயிற்று. ரசம் குடித்தால் பறப்பார். சாம்பார் என்றால் நிதானம், மோர் என்றால் இறக்கத்தில் மட்டும்தான் போவார். பள்ளிவாசல் தெருவிலிருந்து நோன்புக் கஞ்சி வந்த நாளில், ஆற்றுப்பாலம் போய்த் திரும்பியும் இஞ்சின் சூடாகவில்லை. கருவாட்டுக் குழம்பு ஊற்றியபோது என்ன ஆயிற்று என்பதை ஊர் வெளியே சொல்வதில்லை, அன்றைக்கு ஊர்வலத்தில் போன மாப்பிள்ளை மட்டும் பூனைகள் பின்தொடர மணமேடைக்கு வந்தார் என்று தெரியும். கோயில் திருவிழாவில் நாளுக்கொரு தெருவார் முறைபோட்டு சாமிக்குச் செய்வார்களே மண்டகப்படி, அதே மாதிரி துரைக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்குத் தெருவாரியாக முறை வைத்தார்கள். முறைப் பட்டியலை ஸ்டீபன் தன் நிலையத்துப் பலகையிலேயே எழுதிப்போட்டார். கரண்டு ஏறும்வரை முக்கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிற மின்சார வண்டிக்காரர்கள், துரை சாப்பிடுவதைப் பார்த்துப் பார்த்து, தங்கள் வண்டியை ஒருமாதிரி இரக்கத்தோடு திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒரு அம்மாள் மனசு கேட்காமல் தன் வெள்ளை வண்டியின் கரண்டு துவாரத்தில் ஒரு கரண்டி ஊற்றிவிட, பாதித் தெருவுக்கு விளக்கு போயிற்று. அடுத்த நாள் பலகையில் ஒரு வரி கூடியிருந்தது: மின்சார வண்டிகளுக்கு யாரும் ரசம் ஊற்ற வேண்டாம், அவற்றுக்கு வயிறு கிடையாது.

ராத்திரிச் சாப்பாடு உலகம்மாளின் முறை. அதை அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அதுவரை அடுப்படியில் நின்றபடியே சட்டியிலிருந்து வழித்துத் தின்றுவிட்டுப் படுக்கிறவள், இப்போது கொட்டகையில் பாய் விரித்து, துரைக்கு ஒரு செம்பு ஊற்றிவிட்டு, தனக்கு ஒரு தட்டு வைத்து உட்கார்ந்து, அன்றைக்கு நடந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே சாப்பிட்டாள். அவள் வாய் திறந்து சொல்லவில்லையே தவிர, சந்தோஷமாக இருந்தாள். முகத்தில் சதைகூடப் போட்டது.

ஆவணியில் கடிதம் வந்தது. வயது முதிர்ந்த பெட்ரோல் வண்டிகள் எல்லாம், வருகிற பன்னிரண்டாம் தேதி, பைபாஸ் ரோட்டு மைதானத்தில் தகுதிச் சோதனைக்கு வர வேண்டும், தேறினால் ஓடலாம், தேறாவிட்டால் அங்கேயே லாரியில் ஏற்றி நசுக்குகிற ஆலைக்கு அனுப்பப்படும். உலகம்மாள் அதை மூன்று முறை வாசித்தாள். அன்று ராத்திரி அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நசுக்குகிற ஆலையில் லாரியைக்கூட ஒரு பெட்டி அளவுக்கு மடித்துவிடுவார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

"ரசம் குடிச்சாருன்னா அந்த மேட்டுல ஏறி எறங்கிருவாரு. நீ கவலப்படாத," என்று குற்றாலிங்கம் தைரியம் சொன்னார். சோதனை அவ்வளவுதான். மைதானத்தில் ஒரு செயற்கை மேடு; ஏறி, உச்சியில் நின்று, இறங்க வேண்டும். ரசத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

ஆனால் பன்னிரண்டாம் தேதி மேலத்தெருவின் முறை. மேலத்தெருப் பெரியவர் பிரம்மநாயகம், போன வாரம் நடுத்தெருக்காரர்கள் பாயசத்தோடு போட்ட சாப்பாட்டை மிஞ்சியே தீர்வது என்று சொதிக்கு ஏற்பாடு செய்துவிட்டார். திருநெல்வேலிப் பக்கத்துச் சொதி தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: தேங்காயில் மூன்று தரம் பிழிந்த பாலில் காய்கறியும் பாசிப்பருப்பும் போட்டுச் செய்வது, கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டு விருந்தில் சம்பந்திகளுக்குப் போடுவது, சாப்பிட்டவர் யாரும் அன்றைக்கு மறுவேலை பார்த்ததாகச் சரித்திரம் இல்லை. அதனாலேயே, செரிக்கட்டும் என்று, கூடவே இஞ்சிப் பச்சடி வைப்பார்கள்.

"அண்ணாச்சி, இன்னைக்கு வேண்டாம். அவருக்குப் பரீட்ச. ரெண்டு செம்பு ரசம் போதும்," என்று உலகம்மாள் கெஞ்சினாள்.

"நல்லாருக்கே! பரீட்சைக்குப் போறவர வெறும் ரசத்தோடயா அனுப்புவிய? ஊரு என்ன பேசும்? மேலத்தெருக்காரன் கையக் கழுவிட்டாம்பாவ," என்றார் பிரம்மநாயகம்.

ஒரு வாளி ஊற்றினார்கள். "இன்னும் கொஞ்சம்" என்று அரை வாளி. வேண்டாம் என்று துரை ஒரு முறை ஹாரன் அடித்தார். அதை உபசாரத்துக்குச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு இன்னொரு அரை வாளி. இஞ்சிப் பச்சடியை ஊற்ற வேண்டியது யார் என்று மட்டும் யாரும் பேசிவைத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொருவரும் மற்றவர் ஊற்றியிருப்பார் என்று நினைக்க, பச்சடிப் பாத்திரம் நிறைந்தது நிறைந்தபடி வீட்டுக்குத் திரும்பிப் போயிற்று.

மைதானத்தில் ஊரே நின்றது. கரண்டு ஏறிய வண்டிகள், ஏறாத வண்டிகள், எல்லாம் வந்திருந்தன. ஒரு ஓரத்தில் நசுக்குகிற ஆலையின் லாரி, கிரேனோடு. ஆய்வாளர் கலியபெருமாள் மாயவரத்துக்காரர், மாற்றலாகி வந்து ஒரு மாதம்தான் ஆகிறது, சொதி என்று கேள்விப்பட்டதுகூட இல்லை. கையில் அட்டை, அட்டையில் படிவம், பையில் திருப்புளி. சிரிக்காத மனுஷர்.

துரை மேட்டில் ஏறினார். நன்றாகத்தான் ஏறினார். பாதி மேட்டில் வேகம் குறைந்தது. முக்கால் மேட்டில் முன்விளக்குகள் இரண்டும் மெல்ல மங்கி அணைந்தன. உலகம்மாள் உள்ளே உட்கார்ந்து, "துரை, துரை, இன்னும் பத்தடி, ஏ ராசா" என்று ஸ்டியரிங்கைத் தட்டத் தட்ட, அவர் அப்படியே சாய்ந்து நின்று, முதல் சிலிண்டரிலிருந்து எட்டாம் சிலிண்டர் வரை வரிசையாகக் குறட்டை விட ஆரம்பித்தார்.

கலியபெருமாள் மேட்டில் ஏறி வந்தார். துரையின் மூக்கின் மேல் கை வைத்துப் பார்த்தார். தகரம் ஏறி இறங்கிற்று.

"என்னம்மா இது?"

"தூங்குதாரு சார்."

"வண்டி தூங்குமா?"

"சொதி சாப்ட்டா நீங்களும் தூங்குவிய சார்."

அவர் பின்பக்கம் போய்ப் புகை சோதிக்கும் கருவியைக் குழாயில் வைத்தார். முள் அசையவில்லை. குனிந்து மோந்து பார்த்தார். தேங்காய்ப் பாலும் பச்சை மிளகாயும் மணத்தது. மத்தியானம் மணி ஒன்று ஆகியிருந்தது, அவரும் சாப்பிடவில்லை. படிவத்தில் எரிபொருள் என்ற இடத்துக்கு வந்து பேனாவை நிறுத்தினார்.

"பெட்ரோல், டீசல், கேஸ், மின்சாரம். இதுல எது? நாலுல ஒண்ணுதான் எழுத முடியும்."

ஸ்டீபன் ராஜபாண்டி அவசரமாக உலகம்மாளின் காதருகில் வந்தார். "கரண்டுன்னு சொல்லிருங்கக்கா. நான் ஒரு ஒயர சும்மா சொருகிக் காட்டுதேன். வண்டி ரிப்பேருன்னு ஒரு வாரம் தவண கேப்போம். லாரி நிக்கிதத பாத்தியளா?"

உலகம்மாள் லாரியைப் பார்த்தாள். கிரேன் கொக்கியைப் பார்த்தாள். ஒரு பொய், ஒரே ஒரு வார்த்தை. பிறகு குறட்டை விடுகிறவரைப் பார்த்தாள். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஒரு கவலையும் இல்லாமல் தூங்குகிறவரைப் பற்றி அவர் எதிரிலேயே பொய் சொல்ல அவளால் முடியவில்லை.

"நாலும் இல்ல சார். முந்தி பெட்ரோல் குடிச்சாரு, இப்பம் அது கெடையாது. காலைல ஒரு டம்ளர் காபி. மத்தியானம் ஊர்ச் சாப்பாடு. ராத்திரி எங்கூட. பசிச்சா கோவம் வரும், சாப்ட்டா தூங்குவாரு. மழை பேஞ்சா இருமுவாரு, அதுக்குச் சுக்குத் தண்ணி. இதான் சார் உள்ளது. இனி நீங்க என்ன எழுதுனாலும் சரி."

கலியபெருமாள் அட்டையின் பின்னால் இருந்த விதிப்புத்தகத்தைப் புரட்டினார், முன்னால் போனார், பின்னால் வந்தார். பிறகு பையிலிருந்து திருப்புளியை எடுத்து, குனிந்து, துரையின் நம்பர் பலகையைக் கழற்றினார். முன்பலகை, பின்பலகை, இரண்டையும்.

உலகம்மாள் மேட்டிலேயே உட்கார்ந்து வாயில் முந்தானையை வைத்து அழுதாள். ஆவுடையப்பன் போனபோதுகூட நாலு பேர் பார்க்க அழாதவள், அன்று ஊர் பார்க்க அழுதாள். பிரம்மநாயகம் தலையில் அடித்துக்கொண்டு, "எல்லாம் எங்கையால, எங்கையால" என்று புலம்பினார். லாரிக்காரர் கொக்கியை இறக்கிக்கொண்டே கேட்டார்.

"சார், ஏத்திடலாமா?"

"எதய்யா ஏத்தப்போற?" என்றார் கலியபெருமாள். "எனக்கு வண்டிய நசுக்கத்தான் அதிகாரம். சோதனை பண்ணிப் பாத்தேன். திங்குது, தூங்குது, கொறட்ட விடுது. இது வண்டியே இல்ல. வண்டி இல்லாததுக்கு நம்பர் எதுக்கு, அதான் கழட்டினேன். திங்கிறதையும் தூங்குறதையும் நசுக்குறதுக்கு இந்தப் புத்தகத்துல எடமே கெடையாது. நீ கெளம்பு."

அவர் எழுதியது ஆவணத்தில் இன்னும் இருக்கிறது: சோதனைக்குக் கொண்டுவரப்பட்டது வாகனம் அன்று, உண்கிறது, உறங்குகிறது, எனவே இவ்வலுவலகத்தின் எல்லைக்குள் வராது. கையெழுத்து, முத்திரை, தேதி.

உலகம்மாளுக்கு அது விளங்கச் சற்று நேரமாயிற்று. விளங்கியதும் ஆய்வாளரின் கையைப் பிடித்து அவள் முதலில் கேட்டது, "சாப்ட்டியளா சார்?" என்பதுதான். மீந்திருந்த சொதியை மைதானத்திலேயே இலை போட்டு அவருக்கு வைத்தார்கள், இஞ்சிப் பச்சடியை யாரோ ஓடிப்போய் எடுத்துவருவதற்குள் அவர் மூன்றாம் முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, துரையின் பின்சீட்டில் போய்ப் படுத்துக்கொண்டார். இரண்டு குறட்டையும் ஒரே தாளத்தில் போயின. நாலு மணிக்குக் காபி மணம் வந்ததும் இருவரும் எழுந்தார்கள். ஒருவர் ஆபீசுக்குப் போனார், மற்றவர் மிச்சமிருந்த பத்தடி மேட்டை ஒரே உறுமலில் ஏறி இறங்கி வீட்டுக்குப் போனார்.

இப்போது நல்லாங்குளத்தில் ஊர்வலம் என்றால் மாப்பிள்ளையும் பெண்ணும் மின்சார வண்டியில் சத்தமில்லாமல் வருகிறார்கள். அவர்களுக்கு முன்னால், நம்பர் பலகை இல்லாமல், சந்தனமும் மாலையுமாக, கல்யாணத்துக்கு அழைக்கப்பட்ட பெரிய மனுஷராகத் துரை வருகிறார். பத்திரிகையில் பெயர் போடாவிட்டால் கோபித்துக்கொள்கிறார். முதல் பந்தியில் அவருக்கு இடம்.

வண்டிப் பதிவேட்டில் பெயர் போய்விட்டால் வேறு எங்காவது பெயர் இருக்க வேண்டாமா என்று ஸ்டீபன்தான் யோசனை சொன்னார். உலகம்மாள் கலியபெருமாள் எழுதிய காகிதத்தின் நகலை எடுத்துக்கொண்டு ரேஷன் கடைக்குப் போனாள். அங்கே புதுப்பெயர் சேர்க்கிற முத்துலெட்சுமி அந்தக் காகிதத்தை வாசித்துவிட்டு, குடும்ப அட்டையை வாங்கிப் பார்த்தாள். ஆவுடையப்பன் பெயரை அடித்த பிறகு ஒன்பது வருஷமாக அதில் ஒற்றைப் பெயர்தான்.

"பேரு துரை. வயசு போட்டாச்சு. சீனி இனிமே ரெண்டு ஆளுக்கு," என்றாள் முத்துலெட்சுமி. "உறவுமுற என்ன மைனி போட? மகன்னு போடட்டா?"

மகன் என்றால் கல்யாணம் பண்ணி வைக்கச் சொல்வார்கள். தம்பி என்றால் சொத்துப் பேச்சு வரும். புருஷன் என்று யாராவது எழுதிவிடப் போகிறார்கள் என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரித்ததில் கண்ணும் கலங்கிற்று. வெளியே துரை பசி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

"எழுதுட்டி," என்றாள் உலகம்மாள். "கூட உக்காந்து சாப்புடுத ஆளுன்னு எழுது."

அந்தக் கட்டத்தில் அவ்வளவு எழுத இடம் போதாததால், முத்துலெட்சுமி பக்கத்துக் கட்டத்தையும் சேர்த்துக்கொண்டு எழுதினாள்.